கிரீமை மாற்றும் முன் கழுத்தைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை, ஷிப்மென்ட் நெருங்கினால் வீடு வந்து சேர இரவு பதினொன்று ஆகிவிடுகிறது. தாடையைச் சுற்றிப் பரு, கன்னத்தில் லேசாக மங்கு, பின்கழுத்தும் கருத்துப்போயிருக்கிறது. ஃபேஸ்வாஷ், டோனர், இரண்டு சீரம், நைட் கிரீம் என்று சம்பளத்தில் ஒரு பங்கு போகிறது, மாற்றம் ஒன்றும் இல்லை. "ஒடம்பு நல்லா இருந்தா மூஞ்சி தானா தெளியும்" என்று அம்மா சொல்கிறார். பார்லரில் "ஹோலிஸ்டிக் ஸ்கின்கேர்" என்று ஃபேசியலோடு உடம்பைச் சுத்தம் செய்கிற பவுடரும் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். இதில் யாரை நம்புவது?

அம்மா சொல்வதில் முக்கால்வாசி சரிங்க. பார்லரில் சொல்வதில் பெயர் மட்டும் சரி.

நான் தோல் மருத்துவர் இல்லை, பெருந்துறைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட். மருத்துவருக்கு இல்லாத ஒரு வசதி எங்களுக்கு உண்டு. ஒரே வீட்டுக்குப் போகிற சர்க்கரை மாத்திரை, தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து டானிக், முகத்துக்குப் பூசுகிற டியூப் எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகின்றன. மகளுக்குப் பரு கிரீம் கேட்டு வருகிற அம்மாவே தனக்குச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் வாங்கிக்கொண்டு போவார். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் பருவை முதலில் எழுதிவிட்டுக் கழுத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் கழுத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி ஆகிறது என்றால் அது அழுக்கு கிடையாது. நம்ம பக்கம் இதை எலுமிச்சைத் தோலாலும் பீர்க்கங்காய் நாராலும் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். உடம்பு இன்சுலினுக்கு மந்தமாகிவிட்டால் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கப் பார்க்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் தோல் செல்களை வேகமாகப் பெருக வைக்கிறது, கழுத்து கருக்கிறது. அதே இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்கிற ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது, ஆண்ட்ரோஜன் எண்ணெய்ச் சுரப்பிகளைக் கிளப்பிவிடுகிறது, தாடையிலும் கன்னத்தின் அடிப்பகுதியிலும் பரு வருகிறது. ஆக, கழுத்தும் தாடையும் உங்களுக்கு ஒரே பிரச்சினையாகவே இருக்கலாம். அப்படி இருந்தால் எந்த சீரமும் அதைத் தொடப்போவதில்லை.

மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறதா, மேலுதட்டிலோ தாடையிலோ முடி முளைக்கிறதா, உச்சந்தலையில் முடி மெலிகிறதா, இடுப்பைச் சுற்றி மட்டும் எடை ஏறுகிறதா என்று யோசித்துப் பாருங்கள். இதில் இரண்டு மூன்று பொருந்தினால், பேச்சில் நீர்க்கட்டி என்று சொல்கிறோமே அந்த பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பெண்கள் மருத்துவரிடம் பார்த்துவிட வேண்டும். கல்யாணம் ஆகாத பெண் அந்த மருத்துவமனை வாசலில் நின்றால் ஊர் என்ன பேசும் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிற வீடுகளை எனக்குத் தெரியும். போங்க அம்மணி, பேசுகிறவர்கள் எப்படியும் பேசத்தான் போகிறார்கள்.

அதற்கு முன்னாலேயே லேபில் பார்க்கக்கூடியவை சில உண்டு. எச்பிஏ1சி பாருங்கள், அது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும், 5.7-க்கும் 6.4-க்கும் நடுவில் இருந்தால் சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது என்று பொருள். தைராய்டுக்கு டிஎஸ்எச். தைராய்டு குறைந்தவர்களுக்குத் தோல் வறண்டு சொரசொரப்பாகும், முடி கொட்டும், அவர்கள் மாய்ஸ்சரைசரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டே இருப்பார்கள். ரத்த அளவோடு, உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. "முகத்துல களையே இல்லை" என்று கோல்டு ஃபேசியலுக்குப் போகிற எத்தனையோ பேருக்குத் தேவை இரும்புச்சத்து மாத்திரைதான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவராக இருந்தால் பி12-ம் சேர்த்துக்கொள்ளுங்கள். பி12 குறைந்தால் விரல் மூட்டுகள் கருக்கும், அதையும் வெயில் என்று நினைத்துக் கிரீம் பூசுவார்கள். அசைவம் சாப்பிடுகிற வீடுகளில் கூட "முட்டை சூடு, பரு வரும்" என்று பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விடுகிறார்கள், நாமக்கல்லை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு. முட்டையால் பரு வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

அடுத்தது, அந்த நைட் கிரீமின் பின்பக்கம். பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். பூசின முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பக்கத்து வீட்டுக்காரரும் வாங்குவார், அப்புறம்தான் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரிந்து, பரு கொத்துக் கொத்தாக வந்து, மெல்லிய முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் எரியும் என்பதால் திரும்பவும் பூசுவார்கள். 2018-லேயே ஸ்டீராய்டு கிரீம்களுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. இன்றைக்கும் கவுன்ட்டரில் "மூஞ்சிக்குப் போடுற அந்தக் கிரீம்" என்று கைபேசியில் படம் காட்டிக் கேட்பவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், நான் இல்லை என்றால் அடுத்த கடை. உங்கள் டியூபிலும் அது இருந்தால் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்கிற முறையில் நிறுத்துங்கள்.

லேபிளே சரியாக இல்லாத வெளுப்பு கிரீம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே நிறுத்துங்கள். பாலக்காட்டைத் தாண்டினால் மலப்புரம். அங்கே 2023-ல் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்து, தேடிப் பார்த்தபோது கிரீமில் பாதரசம் இருந்தது தெரியவந்தது. உள்ளே நடப்பது தோலில் தெரிகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். தோலில் பூசுவதும் உள்ளே போகும், அதை யாரும் சொல்வதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். 2007-ல் ஆஸ்திரேலியாவில் பரு இருந்த 43 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிற உணவு, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான மாவுச்சத்து உணவு என்று 12 வாரம் கொடுத்தார்கள். முதல் பிரிவுக்குப் பரு நன்றாகக் குறைந்தது, அவர்களுடைய உடம்பு இன்சுலினைக் கையாள்வதும் மேம்பட்டது. சின்ன ஆய்வுதான், அவர்களுக்கு எடையும் கொஞ்சம் குறைந்தது, ஆகவே எல்லாப் புகழையும் உணவுக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் கழுத்தும் கருத்திருக்கிற உங்களுக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் குற்றம் சொல்வதை விடுங்கள். உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்: காலையில் ஒரு டீ, பத்தரைக்கு கம்பெனியில் ஒரு டீயும் பன்னும், மூன்று மணிக்கு டீ, ஏழு மணிக்கு "இன்னும் டாக்குமென்ட் முடியலை" என்று ஒரு டீ, இரவு பதினொன்றுக்கு வழியில் புரோட்டா. டீக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தால் கூட சர்க்கரை மட்டும் எட்டு ஸ்பூன், புரோட்டாவின் மைதா தனி. நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டேன் என்று சொல்லாதீர்கள். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிற பெயர் பெற்ற சரக்குதான், ருசியில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இன்சுலினுக்கு வெள்ளைச் சர்க்கரையும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ராகியை மாவாக்கி வெல்லம் போட்டுக் கரைத்துக் குடிக்கிற கஞ்சியும் அப்படியே.

இதற்கு விலை உயர்ந்த விதைகளை ஆன்லைனில் வாங்கவே வேண்டாம். நம்ம சமையலறையில் கொள்ளும் பச்சைப்பயறும் எப்போதும் இருக்கும். அரிசிம்பருப்புச் சாதத்தில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைத்து, பக்கத்தில் கீரையோ பொரியலோ தட்டில் பாதி வைத்துச் சாப்பிட்டாலே பெரிய மாற்றம். பால் குறைத்தால் சிலருக்குப் பரு குறைகிறது, எல்லோருக்கும் இல்லை. ஒரு மாதம் விட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். ஜிம்முக்குப் போகிற தம்பிகள் பாலிலிருந்து எடுக்கிற வே புரோட்டீன் பவுடர் ஆரம்பித்த பிறகு முதுகெல்லாம் பரு என்று வருவது உண்டு, அதற்கு ஆய்வுகளிலும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. தண்ணீர் தாகத்துக்குத் தேவையான அளவு குடியுங்கள், அவ்வளவுதான். நாலு லிட்டர் குடித்தால் முகம் மின்னும் என்பது வெறும் பேச்சு.

தூக்கமும் மன அழுத்தமும் பற்றிப் பேசுவதற்கு எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் ஷிப்மென்ட் தேதியை நீங்கள் வைப்பதில்லை. ஒன்றரை ஷிப்டு, இரண்டு ஷிப்டு என்று ஓடுகிற ஊரில் "எட்டு மணி நேரம் தூங்குங்கள்" என்று எழுதுவது சுலபம். இருந்தாலும் உண்மை அதுதான். 2003-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 22 கல்லூரி மாணவர்களைத் தேர்வு இல்லாத காலத்திலும் தேர்வுக் காலத்திலும் பார்த்தார்கள். அழுத்தம் அதிகம் என்று சொன்னவர்களுக்குத் தேர்வு சமயத்தில் பரு கூடுதலாக மோசமானது. 1995-ல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட என்னை யோசிக்க வைத்தது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் அதே வயதுள்ள மற்ற பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் சின்னக் காயம் ஏற்படுத்தி ஆறவிட்டார்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. பரு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காயம்தான், அது ஆறாமல் கரும்புள்ளியாகத் தங்குவது ஏன் என்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். தூக்கம் கெட்டவர்களின் படத்தைப் பார்த்தே மற்றவர்கள் "இவர் உடம்பு சரியில்லாதவர் மாதிரி இருக்கிறார்" என்று மதிப்பெண் குறைத்ததாக 2010-ல் ஸ்டாக்ஹோமில் ஓர் ஆய்வு வந்தது, அதற்கு ஆய்வே தேவையில்லை, ஷிப்மென்ட் வாரத்தில் உங்கள் செக்‌ஷனைப் பார்த்தாலே போதும்.

செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழுகிற நேரத்தை அதிகம் மாற்றாதீர்கள். ஐந்து மணிக்கு மேல் டீயை விடுங்கள், அது இரண்டு ஸ்பூன் சர்க்கரையையும் குறைத்துவிடும். தாமதமாகும் என்று தெரிகிற நாளில் கேரியரில் இரவுச் சாப்பாட்டையும் கொண்டுபோய் எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள், பதினொன்று மணிப் புரோட்டாவும் தூக்கமும் ஒத்துப்போகாது. சரக்கு வாங்குகிற பையர் போனில் கத்தும்போது கை தானாகத் தாடைக்குப் போய்ப் பருவைக் கிள்ளுகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். உங்கள் தழும்பில் பாதி அங்கே இருந்து வருவதாகக்கூட இருக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. உடம்பு, மனசு, உணவு என்று பேச ஆரம்பித்தால் கடைசியில் அது "உன் பழக்கம் சரியில்லை, அதான் உனக்கு இப்படி" என்று வந்து நிற்கும். கல்யாண வீட்டில் முகத்தைப் பார்த்ததும் "என்ன கண்ணு, கண்டதையும் திங்கிறியா?" என்று கேட்பதற்கு ஆள் இருக்கும். பருவில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பரு விடாதவர்கள் இருக்கிறார்கள், பிரியாணியும் தூக்கமின்மையுமாக வாழ்ந்து மாசு மருவில்லாத முகத்தோடு திரிகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் வகைக்காரர்களுக்கு மருந்து தேவை, அறிவுரை தேவையில்லை.

இனி ஊர் சமாச்சாரம். திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். சோப்பு போட்டால் நுரை வராது, வெள்ளைப் படிவுதான் வரும். அந்தப் படிவு தோலிலேயே தங்கி வறட்சியும் அரிப்பும் தரும். சாதாரண சோப்பின் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) வேறு 9, 10 என்று இருக்கும், தோலுக்கு இயல்பானது 5 பக்கம். முகத்தையாவது குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரில் கழுவுங்கள், குளிக்கும்போது கடைசி இரண்டு சொம்பு ஆற்றுத் தண்ணீராக இருந்தால் நல்லது. சோப்புக்குப் பதில் சோப்பில்லாத கிளென்சர் கட்டி கடையில் கேட்டால் கிடைக்கும். ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் உடுமலை, பல்லடம் பக்கத்திலிருந்து "திடீர்னு மேலெல்லாம் அரிக்குது" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வறட்சிதான் காரணம், சுடுதண்ணீர்க் குளியலைக் குறைத்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவினாலே அடங்கிவிடும். தோட்டத்தில் வேலை செய்கிற வயதானவர்களுக்கு முகம், இமை, கழுத்து மடிப்பு மட்டும் தடித்து அரித்தால் பார்த்தீனியச் செடியின் ஒவ்வாமையாகவும் இருக்கலாம், அதற்கு மருத்துவர்தான்.

அதே தேங்காய் எண்ணெயை நீங்கள் முகத்தில் தடவாதீர்கள். பரு வருகிற முகத்தில் அது துளைகளை அடைக்கும். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றிக்கு வழிவதே சிலருக்குப் பருவாகும். காலுக்கும் கைக்கும் பொள்ளாச்சி எண்ணெயை விட எந்த லோஷனும் பெரிதில்லை. மஞ்சள் விஷயத்தில் ஈரோட்டுக்காரர்களிடம் வாக்குவாதம் செய்ய நான் தயாரில்லை, 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். சமையலில் தாராளமாகப் போடுங்கள். முகத்தில் பூசி ஒவ்வாமை வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், கடைப் பொடியில் என்ன நிறம் கலந்திருக்கும் என்பது வேறு கவலை. பூசியே ஆக வேண்டும் என்றால் கிழங்காக வாங்கி, முதலில் முழங்கை மடிப்பில் இரண்டு நாள் தடவிப் பாருங்கள்.

மங்குக்கு வெயில்தான் முதல் எதிரி, கூடவே ஹார்மோன். கோவை, திருப்பூர்ப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுவதால் வெயில் உறைக்காது, ஆனால் புற ஊதாக் கதிர் குறையாது. பங்குனி, சித்திரையில் அது உச்சத்தில் இருக்கும். காலை எட்டரைக்கு ஸ்கூட்டியில் போகும்போது துப்பட்டாவை முகத்தில் சுற்றுவது நல்ல பழக்கம், அதோடு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூச வேண்டும். பட்டாணி அளவு பூசினால் அது கணக்கில் வராது. மங்கு இருப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் ஆகாது என்பதால் நிறம் கலந்த, அயர்ன் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது.

பார்லர் பவுடர் பற்றி ஒரு வரி: உடம்பைச் சுத்தம் செய்ய கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அந்தக் காசில் மேலே சொன்ன ரத்தப் பரிசோதனைகளில் பாதியை முடித்துவிடலாம்.

சரி, இப்போது கையில் இருப்பதை என்ன செய்வது? டோனரையும் இரண்டு சீரத்தையும் ஓரம் வையுங்கள். மென்மையான கிளென்சர், எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், இவை மட்டும் போதும். பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல் இரவில் மெல்லிசாகத் தடவலாம், தலையணை உறையிலோ கம்பெனி சாம்பிளிலோ பட்டால் துணி வெளுத்துவிடும், அதில் மட்டும் எச்சரிக்கை. அடாபலீன் போன்ற வைட்டமின் ஏ வகைப் பரு மருந்துகள் மருத்துவரைக் கேட்டுத்தான், அதுவும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பிருந்தால் கூடாது. தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஒரு மாதம் போல ஆகும். பருவில் மாற்றம் தெரிய 8 முதல் 12 வாரம், மங்குக்கு அதற்கும் மேல். வாரத்துக்கு ஒரு கிரீம் மாற்றுகிறவர்களுக்கு எதுவும் வேலை செய்யாததற்கு இதுவே காரணம்.

கட்டி கட்டியாக வலிக்கிற பரு, பள்ளமாகத் தழும்பு விழுவது, மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் வராமல் போவது, இதில் எது இருந்தாலும் 12 வாரம் காத்திருக்க வேண்டாம். தனியாரில் செலவு அதிகம் என்று நினைத்தால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இங்கே பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள். முகத்தில் ஒன்றும் பூசாமல் போங்கள். இதுவரை பூசின டியூப்களை, காலியானது உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்; கடைசி ஆறு மாத மாதவிலக்குத் தேதிகளையும் லேப் ரிப்போர்ட்டையும் கூடவே வைத்துக்கொண்டால் மருத்துவருக்கு உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியில் முக்கால்வாசி குறைந்துவிடும்.